மாடிப்படி விளக்கும் மதுரையில் பிறந்த அறிஞரும்

விழுப்புரம் மாவட்டத்துக் கெடாரைப் போன்ற சிற்றூர்களிலும் இன்று மாடி வீடுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் படிக்கட்டின் கீழே ஒரு விசையும் மேலே ஒரு விசையும் இருக்கும். இரண்டும் ஒரே விளக்கிற்கு உரியவை. விசைகள் இரண்டும் வேறு வேறு நிலையில் இருந்தால் விளக்கு எரியும்; ஒரே நிலையில் இருந்தால் அணைந்துவிடும். நாள்தோறும் காணும் இவ்வமைப்பிலே கணிப்பொறி கூட்டல் செய்யும் முறை அடங்கியுள்ளது.

கணிப்பொறி 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்டு எண்களைக் கையாள்கிறது. இம்முறையில் 0உம் 0உம் சேர்ந்தால் 0. 0உம் 1உம் சேர்ந்தால் 1. 1உம் 1உம் சேர்ந்தால் இரண்டு. அதனை 10 என எழுதுவர். அஃதாவது, அவ்விடத்தில் 0 நிற்க, 1 மிகுதியாக அடுத்த இடத்திற்குச் செல்லும். ஆகவே, இலக்கங்கள் வேறுபட்டால் விடை 1. ஒன்றுபட்டால் விடை 0. மாடிப்படி விளக்கின் இயல்பும் இதுவே அன்றோ!

இவ்விடையைக் காண்பதற்குத் தருக்க வாயில்கள் என்னும் மின்னமைப்புகள் உதவுகின்றன. இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டும் 1 தருவது 'உம்' வாயில். ஒன்றேனும் 1 ஆனால் 1 தருவது 'அல்லது' வாயில். 1ஐ 0 ஆகவும், 0வை 1 ஆகவும் மாற்றுவது 'இல்லை' வாயில்.

இனி, கூட்டும் சுற்று ஒன்றை அமைக்க வேண்டும். "முதல் எண் 1, இரண்டாம் எண் 0, அல்லது முதல் எண் 0, இரண்டாம் எண் 1" என்று விதியை உள்ளவாறே எழுதினால், 'இல்லை' வாயில் இரண்டும், 'உம்' வாயில் இரண்டும், 'அல்லது' வாயில் ஒன்றும் தேவைப்படும். மிகுதியைக் காண மேலும் ஓர் 'உம்' வாயில் வேண்டும். ஆக, மொத்தம் ஆறு வாயில்கள்.

இதனைச் சுருக்க வழி உண்டா? உண்டு. அவ்வழிக்கு உதவும் விதி, மதுரையில் பிறந்த ஓர் அறிஞரின் பெயரால் வழங்குகிறது. அவர் அகஸ்டஸ் டி மார்கன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஒருவரின் மகனாக அவர் 1806ஆம் ஆண்டில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே வளர்ந்தார். 1828ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், இலண்டனில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1847ஆம் ஆண்டில் அவரும் ஜார்ஜ் பூல் என்பவரும் தருக்கத்தைப் பற்றித் தனித்தனியே நூல்கள் வெளியிட்டனர்.

"கண்ணனும் முருகனும் வந்தனர் என்பது பொய்" என்றால் அதன் பொருள் யாது? கண்ணன் வரவில்லை, அல்லது முருகன் வரவில்லை என்பதே. பழைய தருக்க நூலாரும் அறிந்திருந்த இவ்வுண்மைக்குக் கணித வடிவம் தந்தவர் டி மார்கன்.

இவ்விதி கூட்டும் சுற்றுக்கு எவ்வாறு பயன்படுகிறது? இரண்டு இலக்கங்கள் வேறுபட்டவை என்றால், ஒன்றேனும் 1 ஆகவும், ஒன்றேனும் 0 ஆகவும் இருத்தல் வேண்டும். "ஒன்றேனும் 0" என்பதும், "இரண்டும் 1 என்பது பொய்" என்பதும் டி மார்கன் விதிப்படி ஒன்றே. "இரண்டும் 1" என்பதோ, மிகுதியைக் காண முன்னரே அமைத்த 'உம்' வாயிலின் விடை. அதனை ஓர் 'இல்லை' வாயிலால் மாற்றி, ஓர் 'அல்லது' வாயிலின் விடையோடு மற்றோர் 'உம்' வாயிலில் சேர்த்தால் போதும். ஆறு வாயில்கள் நான்காகக் குறைந்துவிடும்.

இதற்கு அரைக்கூட்டி என்று பெயர். கீழிடத்து மிகுதியையும் சேர்த்துக் கூட்டுவது முழுக்கூட்டி. அதற்கு இரண்டு அரைக்கூட்டிகளும் ஓர் 'அல்லது' வாயிலும் வேண்டும். ஆதலின், 13 வாயில்கள் 9 ஆகின்றன. 32 இலக்க எண்களைக் கூட்ட 32 முழுக்கூட்டிகளை அமைத்தால் 416 வாயில்களுக்கு மாறாக 288 வாயில்களே போதும்.

டி மார்கன் 1871ஆம் ஆண்டில் மறைந்தார். மின்சுற்றுகளுக்குப் பூலின் இயற்கணிதம் பொருந்தும் என்று கிளாடு ஷானன் என்னும் அமெரிக்க மாணவர் 1937ஆம் ஆண்டில் விளக்கினார். பின்னர் வந்த வெற்றிடக் குழல் கணிப்பொறிகளில் ஒவ்வொரு குழலும் வெப்பத்தை உமிழ்ந்தது. அடிக்கடி பழுதும் அடைந்தது. அந்நாளில் ஓர் உறுப்பு குறைவதும் பெரும்பயனாயிற்று. இன்றைய நுண்சில்லுகளிலும் உறுப்புகள் குறைந்தால் இடமும் மின்சாரமும் மிஞ்சும்.

பொருள் மாறாமல் சொல்லைச் சுருக்குதல் மொழிக்கு மட்டும் உரிய அழகன்று. பொறிக்கும் அதுவே ஆக்கம் தருகிறது.