திருச்சிப் பட்டறைகளும் சென்னைப் பள்ளியும்

அன்புள்ள ஸ்ரீரங்கம் வாசகருக்கு,

உங்கள் மகள் கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. கூடவே ஒன்று கேட்டிருந்தீர்கள்: 1850க்கு முன் நம் பக்கம் கலைக் கல்வியே இல்லை, வெள்ளைக்காரர் வந்துதான் சொல்லிக்கொடுத்தார் என்று அவளிடம் யாரோ சொன்னார்களாமே, அது சரியா என்று. சரியில்லை. அதிலும் திருச்சிக்காரர்கள் அதை நம்பவே கூடாது.

1850 என்ற ஆண்டு மட்டும் சரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அந்த ஆண்டில்தான் சென்னையில் தம் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய எழும்பூர்க் கவின் கலைக் கல்லூரியின் வேர் அதுதான். ஹண்டர் நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் 'சுதேசிகளின் ரசனையைத் திருத்துவது' என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. திருத்த வேண்டிய ரசனை என்று ஹண்டர் போன்றவர்கள் எதை நினைத்தார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அதே காலத்தில் திருச்சியில் காக்காப்பொன் தகட்டில் படம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அபிரகத்தை இதழ் இதழாகப் பிரித்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அந்தத் தகட்டில் கோடு போட்டு வண்ணம் தீட்டுவார்கள். காகிதம்போல் அது வண்ணத்தை உறிஞ்சாது. கை கொஞ்சம் தடுமாறினாலும் வண்ணம் திரளும், காய்ந்தபின் வளைத்தால் உதிரும். சில தொகுப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டையில் ஒரு முகம் மட்டும் இருக்கும். தகடுகளில் முகமே இல்லாத உடைகள் இருக்கும். தகட்டை மாற்றி மாற்றி வைத்தால் அதே முகம் ஒவ்வொரு வேடத்திலும் தோன்றும். எந்தத் தகட்டை வைத்தாலும் கழுத்து பொருந்த வேண்டுமானால் எவ்வளவு கறாரான அளவு வேண்டும், யோசித்துப் பாருங்கள்! இந்தப் படங்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும். அவை இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் எழுதியவர் பெயர் இல்லை. 'திருச்சி ஓவியர்' என்பதோடு சரி.

பொற்கொல்லர்களான பத்தர்களின் கதையும் இதேதான். இழைத்த கம்பியைப் பின்னிச் செய்யும் சங்கிலிக்குத் திருச்சி அவ்வளவு பேர்பெற்றது. வைக்கிங் காலப் புதையல்களில் கிடைத்த பின்னல் சங்கிலிகளைக்கூட ஆங்கிலத் தொல்லியலாளர்கள் நம் ஊர்ப் பெயராலேயே குறித்தார்கள். பட்டறையில் ஊதுகுழலும் நெருப்புமாகப் பையன் உட்கார்ந்து கற்றது கல்வி இல்லையென்றால் வேறு எது கல்வி?

இதையெல்லாம் ஆங்கிலேயர் கவனிக்காமல் இல்லை. ஜார்ஜ் பேர்ட்வுட் 1880ல் இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதிக் கொண்டாடினார். அதே மனிதர் 1910ல் லண்டன் கூட்டமொன்றில், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்றும் கிடையாது என்று சொல்லி, ஜாவாவின் புத்தர் சிலை ஒன்றை அவித்த பலகாரத்தோடு ஒப்பிட்டார். அந்தக் கூட்டத்தில் உரையாற்றி எதிர்த்தரப்பில் நின்றவர் இ.பி. ஹாவெல். 1884ல் சென்னைப் பள்ளிக்குத் தலைமையேற்று வந்து, மாகாணத்தின் கைத்தொழில்களை நேரில் கண்டவர் அவர். பார்த்தவர் மாறினார், பாராட்டியவர் மாறவில்லை. கை உங்களுடையது, சிந்தனை எங்களுடையது என்ற இந்தப் பிரிவினைதான் காலனியக் கலைக் கல்வி செய்த பெருங்கேடு என்பது என் முடிவு. அந்தப் பள்ளிகளில் மாணவர்களை பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரையச் சொன்னதுகூட அவ்வளவு பெரிய குற்றமில்லை.

கையும் சிந்தனையும் பிரியாத வேலைக்கு உங்கள் ஊர் ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் ஆட்சி முழுவதும் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1987ல் 13 நிலைகளோடு, 236 அடி உயரத்தில் அதை எழுப்பி முடித்தது தலைமுறை தலைமுறையாக வந்த ஸ்தபதிகளின் கணக்கு.

இதனால் மகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசியம் அனுப்புங்கள். சிற்பி ராய் சௌத்ரியும் ஓவியர் பணிக்கரும் தலைமையேற்று நடத்திய இடம் அது. அங்கே படித்தவர்கள்தான் 1966ல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஆனால் சேரும் முன், கோயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களை அவள் நிதானமாகப் பார்க்கட்டும். பெரிய கடை வீதிப் பக்கம் இன்னும் கையால் வேலை செய்யும் ஒரு பத்தரிடம் அனுமதி கேட்டு, கம்பி இழைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர் யாரிடம் கற்றார், அந்த ஆசான் யாரிடம் கற்றார் என்று கேட்டு, ஊரும் பேருமாக ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்தர் சம்மதித்தால் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பிவையுங்கள். ஒரு பெயரும் விடாமல் அச்சிடலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்