அரசிடமிருந்து வீட்டுமனை பெறும் வழிகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

உணவு, உடை, உறையுள் என மனிதனின் தேவைகளை மூன்றாக அடுக்கிச் சொல்வது நம் வழக்கம். முதல் இரண்டையும் அன்றாட உழைப்பால் தேடிக்கொள்ளலாம். மூன்றாவது அப்படியன்று. அதற்கு முதலில் நிலம் வேண்டும். 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்றார்கள் நம் முன்னோர். அந்த வளைக்கான இடத்தைத் தனியாரிடம் வாங்க இயலாதவர்கள் அரசை நாடுகிறார்கள். நம் மாநிலத்தில் அரசிடமிருந்து மனை பெற என்னென்ன வழிகள் உள்ளன, எந்தத் தாள் உரிமை தரும், எது தராது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்படை

முதல் வழி, வருவாய்த் துறை வழங்கும் வீட்டுமனை ஒப்படை. இது விற்பனையன்று, வீடற்ற ஏழைகளுக்கு அரசு தன் நிலத்தை நிபந்தனையுடன் கொடுப்பது. விண்ணப்பம் வட்டாட்சியருக்குச் செல்லும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தருவர். ஊராரிடம் ஆட்சேபணை உண்டா என்று கேட்கப்படும். அதன்பின் நில அளவர் அளந்து கல் நட, பட்டா வழங்கப்படும். அந்த இடத்தில் குறித்த காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கக் கூடாது என்பன வழக்கமான நிபந்தனைகள். மீறினால் ஒப்படையை ரத்துச் செய்யலாம்.

ஊரில் அரசு நிலம் இல்லையென்றால் தனியார் நிலத்தை அரசு கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்தும் வழங்குகிறது. ஆதிதிராவிடர் மக்களுக்கு மனை வழங்குவதற்கென்றே 1978-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கு அக்குடிசை நின்ற மண்ணையே உரிமையாக்கிற்று.

இங்கே நத்தத்தையும் புறம்போக்கையும் குழப்பிக்கொள்ளலாகாது. கிராம நத்தம் என்பது தொன்றுதொட்டு மக்கள் வீடு கட்டி வாழ்ந்துவரும் பகுதி. அதில் குடியிருப்பவரின் இடம் அரசுக்குச் சொந்தமானதன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது.

வாரிய மனைகள்

இரண்டாவது வழி விலைக்கு வாங்குவது. 1947-இல் தோன்றிய சென்னை நகர் மேம்பாட்டு அமைப்பு, 1961-இல் மாநிலம் முழுவதற்குமான வீட்டுவசதி வாரியமாக வளர்ந்தது. சென்னை அண்ணா நகர் அவ்வாரியம் உருவாக்கிய நகர்களுள் புகழ் பெற்றது.

இவ்வகையில் நான் மிகவும் வியந்தது, 1977-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் கட்டிய வீட்டைக் கொடுக்காமல், சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுடன் மனையை மட்டும் கொடுத்தார்கள். வீட்டைக் கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ளலாம். ஏழைகளுக்குச் சிறு மனைகள் குறைந்த விலையில். பெரிய மனைகளும் கடை மனைகளும் சந்தை விலையில். பின்னதில் கிடைத்த இலாபம் முன்னதன் குறையை ஈடுகட்டியது. அரசின் கருவூலத்தை அதிகம் தொடாமல் ஏழைக்கு மனை தர முடியும் என்பதை இத்திட்டம் காட்டியது.

வாரிய மனை பெறும் முறை இது. செய்தித்தாளில் விளம்பரம் வரும். வைப்புத் தொகையுடன் விண்ணப்பிக்க வேண்டும். வருவாயைப் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. விண்ணப்பிப்பவருக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ முன்பே சொந்த வீடோ மனையோ இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. மனையைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். தேர்வானவருக்கு ஒதுக்கீட்டு ஆணை வரும். முழுத்தொகையும் உடனே கட்டலாம். அல்லது முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் செலுத்தலாம்.

தவணையில் வாங்குவோர் வட்டியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் செலுத்துவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 13,215 ரூபாய். மொத்தம் செலுத்துவது சுமார் 15 இலட்சத்து 86 ஆயிரம். தவணை தவறினால் அபராத வட்டி வேறு.

மூன்றாவது வழி ஏலம். கடை மனைகளும் விலைமதிப்பு மிக்க மனைகளும் பொது ஏலத்துக்கு வரும். பணமுள்ளவர்க்கு ஏற்ற வழி இதுவே, எளியோர்க்கு அன்று.

விலை ஏன் பின்னால் ஏறுகிறது?

மனை வாங்கிப் பல ஆண்டுகள் கழித்து, 'இறுதி விலை நிர்ணயிக்கப்பட்டது; மேலும் இவ்வளவு செலுத்துக' என்ற கடிதம் வந்து கலங்கியவர் பலர். அதன் காரணம் எளிமையானது. ஒதுக்கீட்டின்போது சொல்லப்படுவது தற்காலிக விலை. நிலம் கொடுத்த விவசாயி, இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் சென்றால், வழக்கு முடியும் வரை நிலத்தின் உண்மை அடக்கவிலை தெரியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 1 இலட்சம் கொடுத்து எடுத்த நிலத்துக்கு, நீதிமன்றம் 3 இலட்சம் என்று தீர்ப்பளிக்கிறது. கூடுதல் 2 இலட்சம். 1894-ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின்படி (1984-இல் செய்த திருத்தத்துக்குப் பின்) அதன்மேல் 30 விழுக்காடு ஆறுதல் தொகை. ஆக 2,60,000 ரூபாய். முதல் ஆண்டுக்கு 9 விழுக்காடும், அடுத்த ஆண்டுகளுக்கு 15 விழுக்காடும் வட்டி. வழக்கு 15 ஆண்டுகள் நடந்தால் வட்டி மட்டும் 5,69,400 ரூபாய். மொத்தம் 8,29,400. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சாலை, பூங்கா போக 60 விழுக்காடு, அதாவது 26,136 சதுர அடியே மனையாகிறது என்று வைத்துக்கொண்டால், 1,200 சதுர அடி மனைக்காரர் கூடுதலாகக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 38,000 ரூபாய். வழக்கே இன்றி அந்தத் தொகையை முதலிலேயே கொடுத்திருந்தால் அவர் பங்கு சுமார் 12,000 மட்டுமே.

விவசாயி கேட்டது நியாயம். மனைக்காரர் கலங்குவதும் நியாயம். இருவரையும் வருத்தியது தாமதம். 1894 சட்டம் நீங்கி, 2014 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறுதல் தொகையை 100 விழுக்காடாக உயர்த்தியது. தொடக்கத்திலேயே நல்ல விலை கொடுத்தால் வழக்குகள் குறையும் என்பது நம் எதிர்பார்ப்பு.

எந்தத் தாள் உரிமை தரும்?

ஒதுக்கீட்டு ஆணை உரிமைப் பத்திரம் அன்று. தவணைக்காலத்தில் எழுதும் குத்தகையுடன் கூடிய விற்பனை ஒப்பந்தமும் அன்று. முழுத்தொகையும் செலுத்தி, வாரியம் எழுதிக்கொடுக்கும் கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் மனை நமதாகும். அதன்பின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒதுக்கீடு பெற்றவரிடம் 'பவர்' எழுதி வாங்கினால் போதும் என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பட்டாவைப் படிக்கவும் தெரிய வேண்டும். அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அளவில் இருக்கும். '0 – 1.21' என்றால் 1.21 ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். எனவே இது 121 சதுர மீட்டர். நம் வழக்கில் ஏறத்தாழ 3 சென்ட், அல்லது 1,300 சதுர அடி. இந்தப் பெருக்கல் தெரியாததால் ஏமாந்தவர் எத்தனையோ பேர்.

யாராலும் விற்க முடியாத நிலம்

ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், சுடுகாடு, பாதை ஆகியவை ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. இவை ஊருக்குப் பொது. நீர்நிலைகளைக் குடியிருப்புக்கு ஒதுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-இல் சட்டமும் வந்தது. ஒரு நிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை 'அ' பதிவேடு காட்டும். இன்று அதை இணையத்திலேயே பார்க்கலாம், கட்டணம் இல்லை.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், 'சர்க்கார் மனை, பட்டா வாங்கித் தருகிறேன்' என்று சொன்ன ஒரு தரகரிடம் என் தந்தையார் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்தார். முத்திரைத்தாளில் எழுதிய ஒரு காகிதம் கிடைத்தது. அதை மஞ்சள் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தப் புல எண்ணை 'அ' பதிவேட்டில் தேடினேன். வகைப்பாடு என்ற இடத்தில் 'ஓடை' என்றிருந்தது. தந்தையாரிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதைப் பார்க்க எவ்வளவு செலவாச்சு?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பதில்தான் அவரை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன்.

முடிவுரை

அரசிடம் மனை பெறும் வழிகள் இருக்கின்றன. அவை நேர்மையான வழிகளே. ஆனால் அவை எழுத்தின் வழியாகச் செல்பவை. விளம்பரம், விண்ணப்பம், ஆணை, பத்திரம், பதிவேடு என ஒவ்வொரு படியிலும் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் துணைக்கு வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் அரசுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் தரகர் கடை விரிக்கிறார்.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். நண்பர்களே! விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது உங்கள் தெருவில் ஒருவர் வீட்டுப் பட்டாவையாவது வாங்கிப் படித்துப் பாருங்கள். புல எண் சரியா, பரப்பு சரியா, வகைப்பாடு என்ன என்று அவருக்குச் சொல்லுங்கள். மனை வாங்கப் போகிறவருக்குப் பணம் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள்.

சென்ற மாதம் எங்கள் வீட்டிலிருந்து வீட்டுமனை ஒப்படை கோரி முறையான விண்ணப்பம் ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றது. அதை எழுதியவன் நான். கையெழுத்திட்டவர் என் தாயார். ஒப்புகைச் சீட்டு கிடைத்திருக்கிறது. இம்முறை அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரியும்.