பிழை காட்டிய வழி

வீசும் காற்றும் ஓடும் நீரும் இடையறா இயக்கம் உடையன. ஓரிடத்தில் அவற்றின் இயக்கம் முடிந்து மற்றோரிடத்தில் தொடங்குகிறது என வரையறுத்தல் இயலாது. கணக்கிற்குரிய எண்களோ ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்து நிற்பன. தொடர்ந்து செல்லும் ஒன்றைத் தனித்தனி எண்களால் அளப்பது எங்ஙனம்? அங்ஙனம் அளக்குங்கால் நேரும் பிழை எத்துணை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயன்றோருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் லூயி ஃபிரை ரிச்சர்ட்சன். அவர் 1881ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் பிறந்தவர்.

காற்றின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகள் ரிச்சர்ட்சன் காலத்திற்கு முன்பே அறியப்பட்டிருந்தன. எனினும் அவற்றை முழுமையாகத் தீர்த்தல் அரிதாயிருந்தது. ஆகவே அவர் கூறாக்கல் முறையை மேற்கொண்டார். நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகைபோல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகவும், வளிமண்டலத்தை ஐந்து அடுக்குகளாகவும் பகுத்தார். கருங்கட்டமும் வெண்கட்டமும் மாறி வருதல் போல, ஒரு கட்டத்திற்கு அழுத்தமும் அடுத்த கட்டத்திற்குக் காற்றின் வேகமும் குறிக்கப்பெற்றன. இரு கட்டங்களின் எண்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை அவற்றின் தொலைவால் வகுத்தால், அவ்வளவு மாறும் வீதம் புலப்படும். அவ்வீதங்களைச் சமன்பாடுகளில் இட்டுச் சில மணி நேரத்திற்குப் பின் நிகழவிருப்பதைக் கணிக்கலாம்.

இம்முறையில் மூவகைப் பிழைகள் நேரும். தொடர்ச்சியான ஒன்றைத் துண்டுகளாகக் கொள்வதால் விளைவது கூறாக்கற் பிழை. பின்னத்தின் கடை இலக்கங்களைக் களைவதால் விளைவது களைவுப் பிழை. தொடக்கத்தில் கொண்ட அளவுகள் செம்மையாக இல்லாமையால் விளைவது அளவைப் பிழை.

இவற்றுள் முதலாவதை அளக்கும் வழி ஒன்றை ரிச்சர்ட்சன் 1911இல் வெளியிட்டார். கட்டத்தின் அளவை மாற்றி இருமுறை கணக்கிட்டால், அவ்விரு விடைகளைக் கொண்டே பிழையை மதிப்பிடலாம் என்பது அவர் கருத்து. இதனை ஒரு வட்டத்தைக்கொண்டு விளக்கலாம். வட்டத்தின் விட்டம் 1 என்க. அதனுள் வரைந்த ஒழுங்கான அறுகோணத்தின் சுற்றளவு 3. பக்கங்களை இரட்டித்துப் பன்னிருகோணம் வரையின் சுற்றளவு 3.1058. பக்கங்களை இரட்டிக்கும்போது இங்கே பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே இரு விடைகளின் வேறுபாடாகிய 0.1058 என்பது முதற்பிழையில் முக்காற்பங்கு ஆகும். அதனை மூன்றால் வகுத்தால் வரும் 0.0353 என்பதே எஞ்சிய பிழை. அதனைக் கூட்டினால் 3.1411 கிடைக்கும். வட்டத்தின் உண்மைச் சுற்றளவு 3.1416 ஆகும். உண்மை அளவை அறியாமலே பிழையை அளக்க இவ்வழி துணைசெய்கிறது.

முதல் உலகப்போர் மூண்டது. போரை வெறுத்த ரிச்சர்ட்சன் படைக்கலம் ஏந்தவில்லை. 1916இல் தொண்டர் படை ஒன்றில் சேர்ந்து, பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் ஊர்தியை ஓட்டினார். ஓய்வு வாய்த்தபோதெல்லாம் குளிர்ந்த விடுதியில் வைக்கோற் குவியலின்மீது அமர்ந்து கணக்கிட்டார். 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளின் வானிலைக் குறிப்புகளைக் கொண்டு, செருமானிய நாட்டின் தென்பகுதியில் ஆறு மணி நேரத்தில் நேரும் மாற்றத்தைக் கணிக்க முயன்றார். 1917இல் அக்கையெழுத்துப்படி தொலைந்துபோயிற்று. சில திங்கள் கழிந்தபின் பெல்சியத்தில் நிலக்கரிக் குவியலின்கீழ் அது கண்டெடுக்கப்பட்டது.

கணக்கின் முடிவு யாது? அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. அந்நாளில் உண்மையில் அழுத்தம் பெரும்பாலும் மாறவேயில்லை! இத்துணைப் பெரிய தவற்றை மறைக்கவேண்டும் என்று அவர் கருதினாரல்லர். 1922இல் வெளியிட்ட தம் நூலில் தொடக்க எண்களையும் இடையீட்டுக் கணக்குகளையும் தவறான முடிவையும் ஒளியாது அச்சிட்டார். காற்றைப் பற்றிய தொடக்க அளவுகளே பிழைக்குக் காரணமாதல் வேண்டும் என்றும் எழுதினார்.

சிறு அளவைப் பிழை பெரும்பிழை ஆவது எவ்வாறு? ஓர் ஊரினுள் ஒருநாள் 1000 பேர் நுழைந்தனர். 998 பேர் வெளியேறினர். மிகுந்தோர் இருவர். நுழைந்தோரை 1010 என எண்ணிவிட்டால், பிழை நூற்றுக்கு ஒன்றே. ஆனால் மிகுந்தோர் தொகை 12 ஆகி ஆறு மடங்கு பெருகிவிடும். ஒரு கட்டத்தினுள் புகும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. அவ்வேறுபாடுதான் அழுத்தத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும்.

கணக்கின் காலப்படிக்கும் ஓர் எல்லை உண்டு. 1928இல் கூரன்ட், ஃபிரீட்ரிக்சு, லெவி என்னும் மூவர் அதனை நிறுவினர். இத்தகைய கணக்கில் ஓர் அலை ஒரு காலப்படியில் ஒரு கட்டத்திற்குமேல் கடத்தலாகாது. கடப்பின் பிழை படிதோறும் பெருகி விடையை விழுங்கும். நொடிக்கு 300 மீட்டர் செல்லும் அலைக்கு 200 கிலோமீட்டர்க் கட்டத்தில் காலப்படி ஏறத்தாழ 11 நிமிடமே. ரிச்சர்ட்சன் கொண்டதோ 3 மணி நேரம். அவர் கணக்கு மேலும் தொடர்ந்திருப்பின் இத்தடையும் வந்து சேர்ந்திருக்கும்.

1950இல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நியூமன் ஆகியோர் அமெரிக்காவில் எனியாக் என்னும் கணிப்பொறியைக்கொண்டு வானிலையைக் கணித்தனர். விரைந்தோடும் அலைகளுக்கு இடமளியாத எளிய சமன்பாட்டை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. 1953இல் மறையுமுன் ரிச்சர்ட்சன் அச்செய்தியை அறிந்து அவர்களைப் பாராட்டினார்.

அயர்லாந்து அறிஞர் பீட்டர் லிஞ்ச் பழைய கணக்கைக் கணிப்பொறியில் மீண்டும் செய்து, 2006இல் ஒரு நூலில் விரித்துரைத்தார். அதே எண்களை இட்டபோது அதே 145 வந்தது. அழுத்தமும் காற்றும் தம்முள் இசையுமாறு தொடக்க எண்களைச் செம்மைசெய்தபின், மாற்றம் 1 மில்லிபாருக்கும் குறைவாயிற்று. ரிச்சர்ட்சன் கருதிய காரணம் உண்மையாயிற்று. தம் தவற்றை அவர் வரிவரியாக எழுதிவைத்திராவிடின், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின் வந்தவர் அதன் வேரைக் கண்டிருத்தல் அரிது. கணக்கில் பிழை நேர்ந்த மாணவன் தாளைக் கிழித்தெறியாது, எந்த வரியில் அது புகுந்தது எனத் தேடுவானாயின், அவனும் அவ்வறிஞர் சென்ற வழியிலேயே செல்பவன் ஆவான்.