மூதாட்டி ஏன் மனம் மாறினாள்?

கேள்வி: நான் சுவிசில் நொஷாட்டலில் இருக்கிறேன். எழுத்தாளர் டூரன்மாட் கனகாலம் வாழ்ந்தது எங்கட ஊரில்தான். மகள் லிசேயில் டொச் பாடத்துக்கு அவருடைய ‘மூதாட்டியின் வருகை’ நாடகம் படிக்கிறாள். அது இங்கிரிட் பெர்க்மன் நடிச்ச படமாயும் வந்திருக்கு எண்டு அறிஞ்சு, தேடிப் பிடிச்சு இரண்டு பேரும் இருந்து பார்த்தோம். நாடகத்தில் ஊர்ச் சனம் அந்த ஆளைக் கொண்டுபோடுகினம். படத்திலோ கடைசி நேரத்தில் அந்த மனுசியே வேண்டாம் எண்டு தடுத்துப்போடுறா. மகளுக்குச் சரியான கோபம். “மார்க்கெட் போன நடிகை, கிடைச்சதை நடிச்சிட்டுப் போயிருக்கிறா” எண்டு சொல்லுறாள். எனக்கு ‘கசபிளாங்கா’ பார்த்த நாளில இருந்து பெர்க்மனில ஒரு பிரியம், விட்டுக்குடுக்க மனமில்லை. முடிவை ஏன் மாத்தினவை? அதில பெர்க்மனின்ர பிழை எவ்வளவு? மகளுக்குக் காட்ட வேற எந்தப் படங்கள் நல்லம்?
— ஒரு வாசகி, நொஷாட்டல்

பதில்: உங்கள் மகளின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் காரணம் பொருந்தாது. 1964இல் அந்தப் படம் வந்தபோது பெர்க்மன் மார்க்கெட் போனவர் அல்ல. இரண்டு ஆஸ்கர் கையில் இருந்தது, மூன்றாவது பத்து வருடம் கழித்து வரவிருந்தது. அவரைவிட அந்த வேடத்துக்குத் தகுதியான நட்சத்திரம் அன்றைய ஹாலிவுட்டில் ஒருவரும் இல்லை என்பது என் எண்ணம். நடிப்புத் திறமையை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் நடந்ததே அதற்குக் காரணம்.

முதலில் நாடகம். டூரன்மாட் 1952இல் மனைவி லோட்டியோடும் குழந்தைகளோடும் உங்கள் ஊருக்குக் குடிவந்தார், 1990இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வலோன் டி லெர்மிட்டாஜ் மேட்டில் அவர் வாழ்ந்த வீட்டோடு சேர்த்து மாரியோ போட்டா கட்டிய டூரன்மாட் மையம் 2000இல் திறக்கப்பட்டது. மகளோடு ஏற்கெனவே போயிருப்பீர்கள். (போகாவிட்டால், அவர் சுவரெல்லாம் ஓவியம் தீட்டி வைத்திருக்கும் கழிப்பறையையாவது பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு ‘சிஸ்டைன் சிற்றாலயம்’ என்று பெயர் வைத்தார்கள்.) நாடகம் பிறந்தது ரயிலில். லோட்டி பெர்ன் நகரில் மருத்துவமனையில் இருந்த நாட்களில் டூரன்மாட் அடிக்கடி அங்கே போய்வந்தார். விரைவு ரயில் இன்ஸ், கெர்ட்செர்ஸ் என்ற இரண்டு சிற்றூர்களில் நிற்கும். ஏறி இறங்க ஆள் இல்லாத அந்த நிலையங்களைப் பார்த்தபோதுதான், விரைவு ரயில் நிற்காமல் போகும் அளவுக்கு நொடித்துப்போன ஓர் ஊர் அவர் மனதில் உருவானது. அந்த ஊருக்கு வந்து இறங்கவேண்டிய கோடீஸ்வரி என்ன செய்வாள்? அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுப்பாள். நாடகத்தில் கிளேர் ஸகனாஸியன் அப்படித்தான் வந்து சேர்கிறாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதினேழு வயதில் கர்ப்பமாக இருந்த கிளேரைக் காதலன் ஆல்ஃபிரட் கைவிட்டான். வழக்கு வந்தபோது இரண்டு பேருக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தான். ஊர் சிரித்தது, அவள் குளிர்காலத்தில் ஊரைவிட்டுப் போனாள். அறுபது தாண்டிய மூதாட்டியாக, ஒரு கால் செயற்கை, ஒரு கை தந்தம், கூடவே ஒரு காலிச் சவப்பெட்டி என்று திரும்பி வருகிறாள். நூறு கோடி தருகிறேன், ஊருக்குப் பாதி, குடும்பங்களுக்குப் பாதி, ஆல்ஃபிரட்டைக் கொன்றுவிடுங்கள் என்கிறாள். ஊர் கொதித்து மறுக்கிறது. மறுநாளே ஆல்ஃபிரட்டின் கடையில் எல்லோரும் விலை கூடிய சாமான் வாங்க ஆரம்பிக்கிறார்கள். காசு கொடுப்பதில்லை, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் காலிலும் புது மஞ்சள் சப்பாத்து. இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. கடைசியில் கூட்டம் போட்டுக் கைதூக்கி ஓட்டெடுக்கிறார்கள். அவன் செத்ததும் மாரடைப்பு என்கிறார் மருத்துவர், மகிழ்ச்சியில் வந்த சாவு என்கிறார் மேயர். யாரும் மாட்டிக்கொள்வதில்லை. ஊர் செழிக்கிறது. நாடகத்தின் நஞ்சு முழுவதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. 1956 ஜனவரியில் சூரிச்சில் முதல் தடவை மேடையேறியபோது கிளேராக நடித்தவர் தெரேஸ் கீஸே, பிரெக்டின் ‘தாய் கரேஜ்’ வேடத்தை உலகிலேயே முதலில் ஏற்றவர். அழகுக்காக யாரும் அவரை மேடைக்கு அழைத்ததில்லை.

இனி பெர்க்மன். 1939இல் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்நிக் ஸ்வீடனிலிருந்து அவரை அழைத்துவந்தார். பெயர், புருவம், பல் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண் முடியாது என்றுவிட்டார். செல்ஸ்நிக் கெட்டிக்காரர். அந்த மறுப்பையே விளம்பரமாக்கினார்: ஒப்பனை பூசாத, சூது அறியாத, இயல்பான பெண். அடுத்த பத்து வருடத்துக்கு அமெரிக்கா அந்த விளம்பரத்தை உண்மை என்றே நம்பியது. ‘கசபிளாங்கா’ படப்பிடிப்பில் திரைக்கதை முடிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்களில் யாரோடு போகப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. கேட்டதற்கு, இரண்டுக்கும் நடுவில் நடியுங்கள் என்றார்களாம். உங்களுக்குப் பிடித்த அந்த முகத்தில் ததும்பும் தவிப்பு அப்படி வந்ததுதான். ‘கேஸ்லைட்’டுக்கு (1944) முதல் ஆஸ்கர். 1945இல் கன்னியாஸ்திரீ வேடம், 1948இல் ஜோன் ஆஃப் ஆர்க். புனிதரின் வேடம் போட்டவரையே புனிதர் என்று எடுத்துக்கொண்ட ரசிகர்கள் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானவர்கள் அல்ல.

அந்தப் பெயருக்கு நடுவிலேயே ஹிட்ச்காக் ஒரு வேலை செய்தார். ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் பெர்க்மன் குடிக்கும், நாஜி ஒருவனை வேவு பார்ப்பதற்காக அவனையே கல்யாணம் செய்துகொள்ளும் பெண். காதலன் கேரி கிராண்ட் அவளைப் படுக்கைக்கு அனுப்பிவிட்டு, போனதற்காக அவளையே வெறுக்கிறான். ஆணின் கோழைத்தனத்தை ஒரு பெண்ணின் முகத்தில் மட்டும் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் குறைவு. நான் பெர்க்மனின் ஆகச் சிறந்த அமெரிக்கப் படமாக இதைத்தான் சொல்வேன். ‘கசபிளாங்கா’ ரசிகர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

1949இல் இயக்குநர் ரோஸலினியின் படத்தில் நடிக்க இத்தாலி போனார். காதல் வந்தது, கர்ப்பமானார். கணவரும் மகளும் அமெரிக்காவில். 1950 பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. மார்ச்சில் கொலராடோ செனட்டர் எட்வின் ஜான்சன் செனட் சபையிலேயே எழுந்து அவரைத் தீமையின் உருவமாகச் சித்தரித்துப் பேசினார், நடிகர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். ஏழு வருடம் பெர்க்மன் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை. அந்த நேரத்தில் வெளியான ‘ஸ்ட்ரோம்போலி’க்கு நேர்ந்ததை மகளிடம் அவசியம் சொல்லுங்கள். எரிமலைத் தீவில் கணவனிடமிருந்து தப்பி ஓடும் அகதிப் பெண்ணின் கதை. ரோஸலினி அவளை மலைமேல், எங்கே போவது என்று தெரியாமல் கடவுளைக் கூப்பிடும் நிலையிலேயே விட்டுவிடுகிறார். அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. நிறுவனம் 107 நிமிடப் படத்தை 81 நிமிடமாக வெட்டியது. கடைசியில் ஒரு பின்னணிக் குரலைச் சேர்த்து அவளைக் கணவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. பெர்க்மன் நடித்த பெண் தன் பாட்டுக்குப் போவதைத் தயாரிப்பாளர்கள் தாங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் பார்த்த 1964 படத்தில் நடந்தது இரண்டாவது தடவை.

ரோஸலினியோடு செய்த படங்கள் பணம் பார்க்கவில்லை. ‘இத்தாலியில் ஒரு பயணம்’ (1954) வந்தபோது கேலி செய்தார்கள், இன்று நவீன சினிமாவின் தொடக்கங்களில் ஒன்று என்கிறார்கள். 1956 கடைசியில் ரோஸலினி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்ததும், சோனாலி தாஸ்குப்தாவோடு அவர் பெயர் அடிபட்டதும், பெர்க்மனோடான திருமணம் முறிந்ததும் நம் பத்திரிகைகள் சலிக்கச் சலிக்க எழுதிய கதை.

அதே 1956இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ‘அனஸ்தேசியா’வுக்காக அவரை அழைத்தது. அப்போது தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய எட் சல்லிவன் நேயர்களிடம் கேட்டார்: இந்தப் பெண் இத்தனை வருடம் பிராயச்சித்தம் செய்துவிட்டார், நிகழ்ச்சிக்கு அழைக்கலாமா வேண்டாமா, கடிதம் எழுதுங்கள். ஓட்டெடுப்பு! டூரன்மாட்டின் நாடகம் சூரிச்சில் மேடையேறி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெர்க்மன் அந்த நிகழ்ச்சிக்கு வரவில்லை. ‘அனஸ்தேசியா’வுக்கு இரண்டாவது ஆஸ்கர் கொடுத்தார்கள். மேடையில் அதை அவருக்காக வாங்கியவர் கேரி கிராண்ட். 1972இல் சார்ல்ஸ் பெர்சி என்ற இன்னொரு செனட்டர் பழைய பேச்சுக்காக வருத்தம் தெரிவித்தார்.

கர்ப்பிணியாகத் துரத்தப்பட்டவள், ஊரே ஓட்டெடுத்துத் தீர்ப்புச் சொன்னவள், புகழோடு திரும்பி வந்தவள். இப்படி ஒருவரை கிளேர் வேடத்துக்குத் தேர்ந்தெடுப்பதைவிடக் கூர்மையான யோசனை இருக்க முடியுமா? அந்த யோசனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் படத்தைக் கோட்டைவிட்டார்கள். பெர்ன்ஹார்ட் விக்கி நல்ல இயக்குநர், ‘பாலம்’ (1959) எடுத்தவர். கதாசிரியர் பென் பார்ஸ்மன், கம்யூனிஸ்ட் வேட்டையில் ஹாலிவுட்டின் கருப்புப் பட்டியலில் ஏறி ஐரோப்பாவில் ஒதுங்கியவர். ஊர் சேர்ந்து ஒருவனைப் பலிகொடுப்பது என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஆனாலும் செயற்கைக் காலும் தந்தக் கையும் போயின. மூதாட்டி, ஐம்பதைத் தொடாத அழகியானாள். ரெனே ஹூபெர்ட் தைத்த உடைகள் ஆஸ்கர் பரிந்துரைவரை போயின. ஆல்ஃபிரட் ஆன்டனி க்வின்னாக மாறி, பழைய காதல் மெல்ல எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. பார்ப்பவர்களுக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது, ஆசைப்பட்ட முகம் கொலை செய்விக்கக் கூடாது. கொலையை நிறுத்தி, இந்த மனிதர்களுக்கு நடுவிலேயே நீ வாழ்ந்து சா என்று அவள் சொல்லிவிட்டுப் போவதுதான் இன்னும் பெரிய தண்டனை என்று சிலர் வாதாடுகிறார்கள். சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் அந்த முடிவில் ஊர் தலைகுனிகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. நாடகத்தில் கணக்கு நேராவதே இல்லை.

ஒரு தமிழ்ப் படம் நினைவுக்கு வருகிறது. ‘படையப்பா’வில் (1999) நீலாம்பரி கடைசிவரை இறங்கி வருவதில்லை. படையப்பா போட்ட உயிர்ப்பிச்சையில் வாழ மாட்டேன் என்று தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். ரஜினி படம், குடும்பப் பெண்ணுக்குப் பாடம் நடத்தும் வசனங்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் கே. எஸ். ரவிக்குமார் ரம்யா கிருஷ்ணனுக்குக் கொடுத்த மனம் மாறாத முடிவை ஃபாக்ஸ் நிறுவனம் பெர்க்மனுக்குக் கொடுக்கவில்லை.

அப்படியானால் பெர்க்மனின் பிழை? மனிதர்கள் தன்னை நல்லவளாகவே பார்க்க விரும்புகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், அந்த விருப்பத்தைக் கொண்டே அவர் வென்றும் வந்தார். அந்த அளவுக்கு அவருக்கும் பங்கு உண்டு. படத்தின் முற்பாதியில் ஊரார் முன் நிபந்தனையைச் சொல்லும் காட்சியை மட்டும் மகளோடு இன்னொரு முறை பாருங்கள். அந்த நிதானத்தில் செனட்டர் ஜான்சனுக்கும் சேர்த்து ஒரு பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று: க்வின்னின் மனைவியாக வருபவர் வலென்டினா கோர்தேசே. 1975இல் பெர்க்மனுக்கு ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ படத்துக்காகத் துணை நடிகை ஆஸ்கர் கிடைத்தபோது, மேடையேறி, இது கோர்தேசேக்குப் போயிருக்கவேண்டும் என்று சொன்னார்.

பார்க்கவேண்டிய படங்கள். ‘நொட்டோரியஸ்’ முதலில். ‘ஸ்ட்ரோம்போலி’ பார்ப்பதானால் 107 நிமிடப் பிரதிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் பாடத்துக்கு நேரடியாக உதவுவது பெர்க்மன் படமே அல்ல: செனகல் இயக்குநர் ஜிப்ரில் டியோப் மாம்பெட்டி அதே நாடகத்தை வொலோஃப் மொழியில் ‘கழுதைப்புலிகள்’ (1992) என்று எடுத்தார். மஞ்சள் சப்பாத்து, குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி எல்லாம் கடனில் வந்து இறங்குகின்றன. கூட்டம் அவனை மூடுகிறது, விலகும்போது உடைகள் மட்டும் கிடக்கின்றன. முடிவில் அவர் கை வைக்கவில்லை.

கடைசியாக ‘இலையுதிர்கால சொனாட்டா’ (1978). ஸ்வீடனின் இன்னொரு பெர்க்மன், இங்மார், அவரைப் புகழ்பெற்ற பியானோ கலைஞராக, மகளைக் கவனிக்காமல் ஊர் ஊராகச் சுற்றிய அம்மாவாக நடிக்க வைத்தார். அப்போது இங்கிரிடுக்குப் புற்றுநோய். இரவு முழுக்க மகள் (லிவ் உல்மன்) கணக்குக் கேட்கிறாள். இந்த அம்மா மன்னிக்கவும் இல்லை, மனம் திருந்தவும் இல்லை. மறுநாள் ரயிலில் ஏறிப் போய்விடுகிறாள். கிளேர் வேடத்தில் தவறவிட்டதை இங்கிரிட் இங்கேதான் எடுத்துக்கொண்டார். அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஒதுக்கிவையுங்கள்.