அமீரகத்தில் வாயைவிட வாட்ஸ்அப்பை அடக்குங்கள்

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ கிளம்புகிறவர்களிடம் மது, உடை, ரமலான் மாத நடைமுறை பற்றியெல்லாம் யாராவது சொல்லி அனுப்புவார்கள். கெட்ட வார்த்தை பற்றிச் சொன்னால், ‘தெருவில் வாயை அடக்கிக்கொள்’ என்பதோடு சரி. அது பாதி எச்சரிக்கைதான். அங்கே நேரில் திட்டுவது குற்றம். கார் ஓட்டும்போது நடுவிரலைக் காட்டுவதும் குற்றம். ஆனால் சட்டம் அதிகம் சீறுவது கைபேசி வழியே போகும் வசவைப் பார்த்துத்தான். நேரில் திட்டியதற்கான அபராதம் ஆயிரங்களில் முடிந்துவிடும். அதே சொல்லை வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ அனுப்பினால், 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த இணையக் குற்றச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி சிறை, அல்லது 2,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. குறைந்தபட்சத் தொகையே நம் பணத்தில் ஐம்பது லட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டவர் என்றால் நாடு கடத்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். இதே அளவு அபராதத்தை விதித்த பழைய சட்டத்தின் காலத்தில், சக ஊழியரை வாட்ஸ்அப்பில் திட்டிய ஒருவருக்கு 3,000 திர்ஹாம் அபராதம் போட்டார்கள். அது போதாது என்று அரசுத் தரப்பு மேலே போக, 2015இல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

தமிழில் திட்டினால் அங்கே யாருக்குப் புரியும் என்று கேட்கலாம். புரிந்தவர்தானே புகார் கொடுக்கப் போகிறார்? ஒரே அறையில் தங்கியிருப்பவர், மேற்பார்வையாளர், கடன் கொடுத்தவர் என்று நீங்கள் தமிழில் திட்டக்கூடிய ஆட்கள் பெரும்பாலும் தமிழறிந்தவர்களே. நண்பர்களுக்குள் விளையாட்டாகச் சொன்னது என்ற சமாதானமும் பலவீனமானது. நட்பு இருக்கும்வரை அது விளையாட்டு; வாடகைப் பங்கிலோ கைமாற்றிலோ மனக்கசப்பு வந்தபின் அதே குரல் பதிவு சாட்சியம். வாய்ச்சொல்லை நிரூபிக்க ஆள் வேண்டும். அனுப்பிய செய்திக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி, தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும்.

நம் ஊரிலும் பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் வழக்கு உண்டே என்பது நியாயமான மறுப்பு. பழைய 294(b) பிரிவை அறியாத தமிழகக் காவல் நிலையம் கிடையாது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296. ஆனால் இங்கே அதிகபட்சம் மூன்று மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும்தான். அங்கே வழக்கு முடியும்வரை பாஸ்போர்ட் முடங்கலாம், நாட்டைவிட்டு வெளியேறத் தடை வரலாம். விடுமுறைக்கு ஊர் திரும்ப விமான நிலையம் போன பிறகுதான் தன்மேல் புகார் இருப்பதே ஒருவருக்குத் தெரியவரலாம். ஒரு சொல்லுக்கு இத்தனை லட்சம் தகுமா என்றால், தகாது என்பதே என் கருத்து. மனித உரிமை அமைப்புகளும் இந்தச் சட்டத்தைக் கண்டித்திருக்கின்றன. அந்த நியாயத்தை அங்கே விசாரணை அதிகாரியின் மேசைமுன் வாதாடிப் பயனில்லை.

ஆகவே கோபத்தில் இருக்கும்போது குரல் பதிவு அனுப்பாதீர்கள். குறிப்பாக இரவில், குறிப்பாகப் பண விஷயத்தில். நடுவிரல் எமோஜியும் வேண்டாம். தகராறு இருந்தால் நேரில் பேசுங்கள், அதுவும் மரியாதையாக. புகார் வந்துவிட்டால் எதிர்வாதம் எழுதி அனுப்பாமல், இருவருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்து மன்னிப்புக் கேளுங்கள். அவமதிப்பு வழக்குகளில், தீர்ப்பு வருமுன் புகார்தாரர் புகாரைத் திரும்பப் பெற இடமுண்டு. காவல் நிலையத்தில் அரபியில் எழுதிய வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள். துபாயில் இந்தியர்களுக்கான உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. கிளம்புமுன் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.