ஒரே செய்தி, இரண்டு அலை!

நம்ம இரும்புலியூர் செல்போன் டவரில் முரசு மாதிரி வட்டமாக ஒன்று மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மைக்ரோவேவ் ஆன்டெனா. கேபிள் இல்லாமலே அடுத்த டவருக்குச் செய்தியை அனுப்பும். இந்தியாவில் இந்த முறை 1965-ல் கல்கத்தா - அசன்சோல் இடையே முதலில் வந்தது.

30, 40 கிலோமீட்டர் தூரம் போகும்போதுதான் வம்பு. காற்றே அசையாத இரவில் தரைப்பக்கம் குளிர்ந்து, மேலே சூடாக இருக்கும். அப்போ அலை வளைந்து இரண்டு வழியாக வந்து சேரும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்தால்? பூஜ்யம்!

நான் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டு வழிக்கும் வித்தியாசம் 1.525 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 செ.மீ. வகுத்தால் 30½ அலை. அந்த அரைதான் வில்லன்! அதையே 6.1 ஜிகாஹெர்ட்ஸில் போட்டால் 31 அலை, முழுசாக வருகிறது. மேட்டோடு மேடு சேர்ந்து பலமாகிவிடும். அதனால்தான் ஒரே செய்தியை இரண்டு அதிர்வெண்ணிலும் அனுப்புகிறார்கள். எதில் பிழை இல்லையோ அதை டிஜிட்டல் கருவி எடுத்துக்கொள்ளும். பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அலைவரிசை இரண்டு மடங்கு வேண்டும், செலவு. 18 ஜிகாஹெர்ட்ஸ் மாதிரி உயர்ந்த அதிர்வெண்ணில் கனமழை இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் டவர்கள் நின்றனவே, அதற்கு ஜெனரேட்டரும் டீசலும்தான் வேண்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி