தேதி முந்திவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: 1980களில் செய்த ஐ.டபிள்யூ.சி. ‘டா வின்சி’ பெர்பெச்சுவல் காலண்டர் (நிரந்தர நாட்காட்டி) வாட்ச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பல வருட ஆசை. ஆனால் மூன்று ஆண்டாக ஓடாமல் பெட்டியிலேயே கிடக்கிறதாம். சர்வீஸ் செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. வாங்கலாமா? வாட்சைச் சுழற்றி ஓடவைக்கும் வைண்டரும் வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் விலை பேசி முடிக்கும்வரை அதன் சாவித் திருகை நீங்களும் தொடாதீர்கள், விற்பவரையும் தொட விடாதீர்கள்.

ஐ.டபிள்யூ.சி.யின் கடிகாரக் கலைஞர் குர்ட் கிளவுஸ் வடிவமைத்து 1985இல் வெளிவந்த இந்த நாட்காட்டியில் கிழமை, தேதி, மாதம், நிலவு, நான்கு இலக்க ஆண்டு எல்லாமே ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்த விளிம்பில் பொத்தான் கிடையாது. திருகை இழுத்துத் திருப்பினால் தேதி ஒரு நாள் நகரும், மற்றவையும் கூடவே நகரும். அதுவும் முன்னோக்கி மட்டும். மூன்று ஆண்டு நின்றதை இன்றைக்குக் கொண்டுவர ஆயிரம் தடவைக்கு மேல் நகர்த்த வேண்டும். கைதவறி இரண்டு நாள் முந்தினால் பாதகமில்லை. வாட்சை நிறுத்திவைத்து அந்தத் தேதி வரும்வரை காத்திருக்கலாம். சில மாதம் முந்திவிட்டால் முகப்பைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். முள் இரவு எட்டுக்கும் விடியற்காலைக்கும் நடுவே நிற்கும்போது தேதியை நகர்த்தவே கூடாது. அப்போது பற்சக்கரங்கள் தாமாகவே தேதியை மாற்றும் வேலையில் இருக்கும்; பலவந்தம் செய்தால் பல் உடையும்.

அடியில் ஓடுவது வால்ஜூ 7750ஐ அடிப்படையாகக் கொண்ட இயந்திரம். அது பல நாட்டுப் பழுதுபார்ப்பவர்களுக்கும் பழகிய பண்டம். அதன்மேல் பொருத்திய, ஏறத்தாழ 80 உறுப்புகள் கொண்ட நாட்காட்டிப் பகுதிதான் எல்லோருக்கும் பிடிபடாது. உள்ளூர்க் கடையில் “பார்த்துடலாம் சார்” என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இதற்கு முன் இதே நாட்காட்டியைக் கழற்றி மாட்டியவரிடமோ, கம்பெனியின் சர்வீஸ் மையத்திலோ கொடுப்பதுதான் நல்லது.

வைண்டரில் சுற்றிக்கொண்டே இருந்தால் எண்ணெய் காயாது என்பார்கள். நான் நம்புவதில்லை. எண்ணெய்க்கு வயதாகத்தான் செய்யும். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சு முனைகள்தான் தேயும். முதலில் சர்வீஸ். பிறகு தேதி விட்டுப்போகாமல் இருக்க மட்டும் வைண்டர்.

சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையைக் கழித்து விலை கேளுங்கள். 2200 முதலான ஆண்டுகளுக்கு நூற்றாண்டு எண்ணைக் காட்டும் மாற்றுத் தகட்டைச் சிறு குழாயில் போட்டு இந்த வாட்சோடு கொடுத்தார்கள். உங்கள் கொள்ளுப்பேரனுக்கே அது தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் அதைக் காணோம் என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.